காது இரைச்சல்: வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய பயிற்சிகள்

தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மரபியல் என்று ஓர் இயல் உண்டு. அதிலே உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தியிருக்கிறார் ஆசிரியர். தொடு உணர்ச்சி முதலாவது. பிறகு நாக்கு, மூக்கு, கண். ஐந்தாவது செவி. ஆறாவது மனம். சமண நூல்களும் ஓரறிவு உயிர் முதல் ஐயறிவு உயிர் வரை இதே வரிசையைத்தான் சொல்கின்றன. அங்கும் ஐம்பொறிகளில் கடைசியாக வருவது காதுதான். திருக்குறளிலும் கேட்டலுக்கென்றே ‘கேள்வி’ என்று 42ஆவது அதிகாரம் இருக்கிறது.

இந்த வரிசையை இங்கே நினைவுபடுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. காது இரைச்சல் என்பது ஐந்தாவது அறிவுக்கும் ஆறாவது அறிவுக்கும் நடுவே நடக்கிற ஒரு வழக்கு. தொடங்கி வைப்பது பெரும்பாலும் காது. நடத்திக்கொண்டு போவது மூளையும் மனமும். இதைப் புரிஞ்சுகிட்டா, எந்தப் பயிற்சி எதுக்கு உதவும், எது உதவாதுங்கிறது தானாகவே விளங்கிவிடும். நம் சங்கத்துப் பெரியவர்கள் பலர், தனியே பேசும்போது, “ராத்திரி காதுக்குள்ள கொய்ங்குனு கேக்குது, தூக்கமே வரல்லே” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் சொன்னால் பயப்படுவார்கள் என்று பலர் சொல்வதில்லை. அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் இளையவர்களுக்காகவும் இக்கட்டுரை.

நான் டாக்டர் அல்லன். டெபுடி கஞ்சில் எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்தவன். முப்பது வருஷம் தட்டும் குடமும் மோதுகிற சத்தத்தில் உட்கார்ந்தவனுக்கு இரண்டு காதிலும் மெல்லிய ரீங்காரம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அதனால் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நிலைத்து நிற்கக்கூடியதை மட்டும் இங்கே தருகிறேன்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

வெளியே சத்தம் ஏதும் இல்லாதபோதும் காதிலோ தலைக்குள்ளோ சத்தம் கேட்பதுதான் காது இரைச்சல். ஆங்கில மருத்துவத்தில் டின்னிடஸ் என்பார்கள். லத்தீனில் மணி ஒலிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஒருவருக்கு வண்டு ரீங்காரம், ஒருவருக்குக் குக்கர் ஆவி, இன்னொருவருக்கு ரயில் ஓடுகிற மாதிரி. சுசுருத சம்ஹிதை காது நோய்கள் 28 என்று எண்ணும்போது கர்ணநாதம் என்றும், புல்லாங்குழல் போலக் கேட்கும் கர்ணக்ஷ்வேடம் என்றும் இரண்டாகப் பிரித்தே சொல்கிறது. ஆக, இது செல்போன் காலத்து நோய் இல்லை. ஜெர்மானிய இசைமேதை பீத்தோவன் 1801ஆம் ஆண்டு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இரவும் பகலும் காது இரைவதாக வருந்தியிருக்கிறார். செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெதனா, தன் காதில் ஒலித்த கீச்சுக்குரலை 1876இல் எழுதிய ஒரு நால்வர் இசையின் கடைசிப் பகுதியில் நீண்ட ஒற்றை ஸ்வரமாகவே வைத்துவிட்டார்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள். சத்தத்தின் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுவது இவைதான். பிறக்கும்போது வந்த முதல்தான், பிறகு வரவு கிடையாது, செலவு மட்டுமே. வயதாலோ, பலத்த சத்தத்தாலோ, சில மருந்துகளாலோ செத்துப்போனால் மறுபடி முளைக்காது.

மயிர்ச்செல்கள் குறைந்தால் காதிலிருந்து மூளைக்குப் போகும் செய்தியும் குறைகிறது. அப்போது மூளை என்ன செய்கிறது? அந்தக் காலத்தில் தில்லியில் இருந்துகொண்டு சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடித்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். நிலையம் சரியாகக் கேட்காவிட்டால் ஒலியைக் கூட்டுவோம். பாட்டு கூடுகிறதோ இல்லையோ, ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கூடிவிடும். மூளையும் அதைத்தான் செய்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். காதுக் கட்டியை அகற்றும்போது செவி நரம்பையே வெட்ட நேர்ந்தவர்களில் பலருக்கும் இரைச்சல் நிற்கவில்லை என்பது இதற்கு ஒரு சான்று. கம்பியை அறுத்த பிறகும் மணி அடிக்கிறது என்றால், மணி இருக்கிற இடம் வேறே.

1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். காது நோய் ஏதும் இல்லாத 80 பேரை, ஒலி புகாத அறையில் சில நிமிஷம் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஆகவே முழு அமைதியில் கொஞ்சம் இரைச்சல் பலருக்கும் உண்டு. அதைப் பொருட்படுத்தாமல் தள்ளிவிடும் வேலையை மூளை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. அந்தத் தள்ளுகிற வேலை தளரும்போதுதான் தொந்தரவு. 2022இல் வெளியான ஓர் உலக அளவிலான கணக்கெடுப்பு, பெரியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு, அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, காது இரைச்சல் இருப்பதாகச் சொல்கிறது. கடுமையாக அவதிப்படுகிறவர்கள் சுமார் 2 சதவீதம்தான். மற்றவர்களுக்குச் சத்தம் இருக்கிறது, அவதி இல்லை. நம்முடைய குறிக்கோளும் அந்தப் பெரும்பான்மையில் சேர்வதுதான்.

பயிற்சிக்கு முன் டாக்டர்

இது மிகவும் முக்கியம். கீழ்க்கண்ட அறிகுறி ஏதாவது இருந்தால் பயிற்சியைத் தொடங்காதீர்கள். முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

ஒன்று, திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது. நேற்று நன்றாகக் கேட்டது, இன்று காலை அடைத்துக்கொண்டு இரைகிறது என்றால், சளி என்றும் குளிர்காற்று என்றும் நினைத்துக் கைவைத்தியம் பார்த்து நாள் கடத்தக் கூடாது. இது அவசர நிலை. ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு. இரண்டு வாரம் தாண்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

இரண்டு, ஒரே காதில் மட்டும் விடாமல் இரைச்சல். அரிதாகச் செவி நரம்பில் கட்டி இருக்கலாம் என்பதால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மூன்று, நாடித் துடிப்போடு ஒத்து ‘தப், தப்’ என்று கேட்பது. இது ரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். நான்கு, தலைசுற்றல், காதில் சீழ், காதுவலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், தலையில் அடிபட்ட பிறகு வந்த இரைச்சல்.

இவை இல்லாவிட்டாலும் ஒருமுறை காதைக் காட்டிவிடுவது நல்லது. பல சமயம் குறும்பி அடைத்திருக்கும். எடுத்தவுடன் இரைச்சல் போய்விடும். ரத்தசோகை, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவையும் காரணமாகலாம். சாப்பிடுகிற மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். அதிக அளவு ஆஸ்பிரின், மலேரியாவுக்கான குவினைன், காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, ஜென்டாமைசின், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவை காதைத் தாக்கக்கூடியவை. அதற்காக இதய நோய்க்குச் சிறிய அளவில் டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அது வேறொரு ஆபத்து.

தில்லிக்கே உரிய ஒரு எச்சரிக்கை. பழைய தில்லியிலும் கன்னாட் பிளேஸிலும் சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, கையில் ஊசியும் பஞ்சுமாக ‘கான் சாஃப்’ செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பல தலைமுறைத் தொழில், அவர்கள் பிழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் தெருவில் உட்கார்ந்து கம்பியைக் காதுக்குள் விட்டுக்கொள்வது செவிப்பறைக்கு ஆபத்து. வீட்டிலும் ஹேர்பின், தீக்குச்சி, பட்ஸ் எதையும் காதுக்குள் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் காய்ச்சின எண்ணெய், பூண்டுச் சாறு ஊற்றுவதும் கூடாது.

உங்கள் இரைச்சல் எந்த வகை? ஒரு சிறு சோதனை

எல்லா இரைச்சலுக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. 1990களின் கடைசியில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ராபர்ட் லெவின் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். பல்லைக் கடித்தாலோ, கழுத்துத் தசையை இறுக்கினாலோ, சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு இரைச்சலின் அளவோ சுருதியோ மாறுகிறது. காரணம், செவி நரம்பு மூளைத்தண்டில் வந்து சேருகிற இடத்துக்கே தாடை, முகம், மேல்கழுத்து நரம்புகளின் கிளைகளும் வந்து சேர்கின்றன. ஒரே மேஜையில் இரண்டு கடைக் கணக்கும் எழுதினால் ஒன்றின் மை இன்னொன்றில் படுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமைதியான அறையில் உட்கார்ந்து இரைச்சலைக் கவனியுங்கள். மெதுவாகப் பல்லைக் கடித்து ஐந்து விநாடி வைத்திருங்கள். விடுங்கள். பிறகு வாயை அகலத் திறங்கள். தலையை வலப்பக்கம், இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையால் லேசாக அழுத்துங்கள். எதிலாவது சத்தம் கூடவோ குறையவோ செய்தால், கழுத்துக்கும் தாடைக்கும் இதில் பங்கு இருக்கலாம். காலையில் எழுந்ததும் தாடை வலி, தூக்கத்தில் பல் கடிப்பது, ஸ்பாண்டிலைட்டிஸ் என்று சொல்கிற கழுத்துப் பிடிப்பு ஆகியவை கூடவே இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இவர்களுக்குக் கீழே சொல்லும் முதல் மூன்று பயிற்சிகள் அதிகம் பயன்படும். மாற்றம் எதுவும் தெரியாதவர்கள் ஐந்து, ஆறு, ஏழாவது பயிற்சிகளுக்கு முதலிடம் கொடுக்கலாம்.

ஏழு பயிற்சிகள்

1. தாடை தளர்த்தல். உதடு மூடியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்ட வேண்டாம். நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் மெல்லப் படட்டும். ‘ன’ என்று சொல்லத் தொடங்கும்போது நாக்கு இருக்குமே, அந்த நிலை. இதுதான் தாடைக்கு ஓய்வு நிலை. நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு, வலிக்காத அளவுக்கு வாயை மெல்லத் திறந்து மூடுங்கள், பத்து தடவை. பிறகு கன்னத்தில் பல் கடிக்கும்போது புடைக்கிற தசையை மூன்று விரலால் வட்டமாக ஒரு நிமிஷம் தேய்த்துவிடுங்கள். பாக்கு, சூயிங்கம் மெல்லுகிற பழக்கத்தைக் குறையுங்கள்.

2. கழுத்துப் பயிற்சி. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். காது தோளை நோக்கிப் போகிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பதினைந்து விநாடி நிறுத்தி, மறுபக்கமும் அப்படியே. பிறகு வலது, இடது திருப்பல். மூன்றாவதாக, சுவரில் முதுகு படும்படி நின்று, தலையைக் குனியாமல், மோவாயை மட்டும் உள்ளே இழுத்து ஐந்து விநாடி வைத்து விடுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து தடவை. தலையை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம். சுற்றலோ கையில் மரமரப்போ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில், கழுத்துக் கோளாறும் காது இரைச்சலும் சேர்ந்து இருந்தவர்களுக்கு ஆறு வாரம் பிசியோதெரபி கொடுத்துப் பார்த்தபோது, சுமார் பாதிப் பேர் நல்ல மாற்றம் தெரிந்ததாகச் சொன்னார்கள். பாதிப் பேர்தான், எல்லோரும் இல்லை என்பதையும் கவனிக்க.

3. தோள் தளர்த்தல். மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு தோளையும் காதை நோக்கி உயர்த்துங்கள். மூச்சை விட்டுக்கொண்டே தொப்பென்று விடுங்கள். பத்து தடவை. கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பிள்ளைகள், குனிந்து செல்போன் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ஏற்றது.

4. பின்தலையில் விரல் தட்டல். இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை மூடி, விரல்கள் பின்தலையில் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். நடுவிரல் மண்டையும் கழுத்தும் சேருகிற மேட்டில் இருக்கட்டும். ஆள்காட்டி விரலை நடுவிரல் மேல் ஏற்றிச் சறுக்கவிட்டு, ‘டொக்’ என்று தட்டுங்கள். நாற்பது, ஐம்பது தடவை. சீனத்துப் பழைய உடற்பயிற்சி மரபில் இதை ‘வானத்து முரசு முழக்கல்’ என்ற பொருளில் அழைப்பார்கள். சிலருக்கு உடனே சத்தம் அடங்கும்; சில விநாடியோ சில நிமிஷமோ நீடிக்கும். ஒரு சத்தம் கேட்டு ஓய்ந்த பிறகு இரைச்சல் கொஞ்ச நேரம் அடங்குவது பலரிடம் காணப்படுவதுதான். ‘ஒரே நிமிஷத்தில் நிரந்தர நிவாரணம்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். எந்த முறையான ஆய்வும் அப்படி நிறுவவில்லை. படுக்கப்போகும் முன் கொஞ்சம் ஆறுதலுக்குச் செய்யலாம், தப்பில்லை.

5. பிராமரி. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகை சொல்லும் எட்டு கும்பகங்களில் ஒன்று. பிரமரம் என்றால் வண்டு. காதின் முன்பக்கத்துச் சிறு மடலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி மூடுங்கள். விரலைத் துளைக்குள் விட வேண்டாம். மூக்கால் மூச்சை இழுத்து, வாயை மூடியபடி ‘ம்ம்ம்’ என்று வண்டு போல ஒலித்துக்கொண்டே மெல்ல விடுங்கள். ஐந்து முதல் ஏழு தடவை போதும். மூச்சை அடக்க வேண்டாம், பி.பி., கண் அழுத்த நோய் உள்ளவர்கள் கட்டாயம் அடக்கக் கூடாது. இதன் பலன் இரண்டு வகை. நீண்ட வெளிமூச்சு நெஞ்சுப் படபடப்பைத் தணிக்கிறது. நீங்களே எழுப்புகிற ரீங்காரம், தானாக வருகிற ரீங்காரத்தின் மேல் ஒரு போர்வை போலப் படிகிறது.

6. உடலை விட்டுவிடுதல். இரைச்சல் கேட்டவுடன் நம் உடம்பு தன்னை அறியாமல் இறுகுகிறது. இறுகினால் கவனம் கூடுகிறது. கவனம் கூடினால் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. இந்தச் சங்கிலியை எங்காவது ஒரு கண்ணியில் அறுக்க வேண்டும். அமெரிக்க டாக்டர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் ‘படிப்படியான தளர்வு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். காலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசையையும் ஐந்து விநாடி இறுக்கி, இருபது விநாடி தளர்த்திக்கொண்டு தலைவரை வருவது அவர் வழியைச் சேர்ந்த முறை. நம் நாட்டில் சமண முனிவர்களிடம் காயோத்ஸர்க்கம் என்று ஒரு பழைய சாதனை உண்டு. உடம்பை ‘எனது’ என்று பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிடுவது என்று பொருள். சிரவணபெளகொளாவில் கோமதேசுவரர் நிற்கும் நிலை அதுதான். ஆன்மிகத்தில் அதன் நோக்கம் வேறு. ஆனால் அதற்கு வேண்டிய தளர்ந்த உடம்பும் சீரான மூச்சும் யாருக்கும் உதவக்கூடியவை. படுத்துக்கொண்டே பதினைந்து நிமிஷம் செய்யலாம். இடையில் தூங்கிவிட்டால், பயிற்சி பலித்தது என்று அர்த்தம்.

7. துணை ஒலியும் கவன மாற்றமும். முழு நிசப்தத்தைத் தவிர்ப்பது இந்தத் தொல்லைக்கு ஒரு முக்கியமான வைத்தியம். தில்லிவாசிகளுக்கு இது அனுபவத்தில் தெரியும். மே, ஜூன் மாதங்களில் கூலரும் ஃபேனும் ஓடும்போது இரைச்சலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டிசம்பர், ஜனவரியில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ரஜாய்க்குள் புகுந்தவுடன் ‘இந்த வருஷம் நோய் அதிகமாயிடுச்சு’ என்பார்கள். நோய் அதிகமாகவில்லை, துணை ஒலி போய்விட்டது, அவ்வளவுதான். குளிர்காலத்தில் தலைமாட்டில் மெல்லிய ஒலி ஏதாவது இருக்கட்டும். மழைச் சத்தம், தம்பூரா சுருதி, மெதுவாக வைத்த வானொலி எதுவானாலும் சரி. இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டாம். அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக, இரண்டும் கலந்து கேட்கிற அளவில் வையுங்கள். அப்போதுதான் மூளை அதைப் பழகித் தள்ளக் கற்றுக்கொள்ளும். 1990 வாக்கில் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற அறிஞர் வகுத்த பழக்கப்படுத்தும் சிகிச்சையின் அடிப்படையும் இதுவே. படுத்தபடி ஒரு நிமிஷம் இரைச்சலைக் கேளுங்கள். அடுத்த நிமிஷம் துணை ஒலியை. அடுத்து மூச்சின் போக்கை. கவனத்தை நாமே எடுத்து நாமே வைக்க முடியும் என்று மனசுக்குக் காட்டுவதுதான் இதன் சூட்சுமம்.

கணக்கு எழுதிப் பாருங்கள்

காலையில் முதல் மூன்றுக்குப் பத்து நிமிஷம், இரவில் பிராமரிக்கும் தளர்த்தலுக்கும் இருபது நிமிஷம் போதும். ஆறிலிருந்து எட்டு வாரம் விடாமல் செய்த பிறகே பலன் உண்டா இல்லையா என்று முடிவு கட்ட வேண்டும். வியாபாரிக்குப் பேரேடு மாதிரி இதற்கும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் சத்தம் எவ்வளவு, பத்துக்கு. மற்றதில் தொந்தரவு எவ்வளவு, பத்துக்கு. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதினால் போதும். தினமும் எழுதினால் அதுவே இரைச்சலைத் தேடித் தேடிக் கேட்கிற பழக்கமாகிவிடும். பெரும்பாலும் முதலில் இறங்குவது இரண்டாவது பத்திதான். சத்தம் ஆறிலேயே நிற்கும். தொந்தரவு எட்டிலிருந்து மூன்றுக்கு வந்திருக்கும். அது நஷ்டக் கணக்கு அல்ல, நல்ல லாபம்.

உலகம் முழுவதும் செய்யப்பட்ட ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. மனசின் பயத்தையும் எண்ணப் போக்கையும் பேச்சின் மூலம் மாற்றுகிற சிகிச்சை பற்றி 28 ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் என்ற அமைப்பு 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வாழ்க்கையில் இரைச்சல் உண்டாக்கும் பாதிப்பை அச்சிகிச்சை குறைக்கக்கூடும் என்பது அதன் சாரம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014இல் தந்த வழிகாட்டியும் அதைப் பரிந்துரைத்தது. ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின் போன்ற மாத்திரைகளைக் காது இரைச்சலுக்காகக் கொடுக்க வேண்டாம் என்றது. விளம்பரத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள். கேட்கும் திறனும் குறைந்திருந்தால் ஹியரிங் எய்ட் இரைச்சலுக்கும் மருந்து. வெளிச் சத்தம் போதிய அளவு உள்ளே போனால் மூளை ஒலியைக் கூட்டிவைக்க வேண்டிய அவசியம் குறைகிறது. மூக்குக் கண்ணாடி போட வெட்கப்படாத நாம், காதுக் கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இருக்கிற காதைக் காப்போம்

எந்தப் பயிற்சியும் செத்த மயிர்ச்செல்லை எழுப்பாது. இருக்கிறதைக் காப்பாற்றுவது நம் கையில். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு நாலு மணிதான். இந்திய அரசு 2000ஆம் ஆண்டு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. நம் தெருவில் கல்யாண பாண்டு வாத்தியம் போகும்போது இந்த விதி எங்கே போகிறது என்று கேட்காதீர்கள். வஜீர்பூரில் எஃகுத் தகடு உருட்டும் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள், தவில் நாகஸ்வரக் கலைஞர்கள், போக்குவரத்துப் போலீஸ்காரர்கள், காதில் குமிழை மாட்டிக்கொண்டே மெட்ரோவில் போகிற நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும். மெட்ரோ சத்தத்துக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டுவதுதான் ஆபத்து. முழு அளவில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பட்டறையிலும் பட்டாசுக்குப் பக்கத்திலும் நிற்க வேண்டியிருந்தால், காதில் செருகும் பஞ்சுறை மருந்துக் கடையிலேயே கிடைக்கும். வெறும் பஞ்சு போதாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு

கடைசியாக இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பாவோ அம்மாவோ “காது இரையுது” என்றால், “வயசானா அப்படித்தான்” என்று முடித்துவிடாதீர்கள். அந்தச் சத்தம் வேறு யாருக்கும் கேட்காது. இருக்கிறது என்று நிரூபிக்க அவர்களிடம் சாட்சி கிடையாது. ஊரை விட்டு வந்து, பேச்சுத் துணைக்கு ஆள் குறைவான ஃபிளாட்டில், ராத்திரி இரண்டு மணிக்கு அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். காது கேட்காதவர்களிடம் கத்திப் பேச வேண்டாம். எதிரே உட்கார்ந்து, முகம் தெரிகிற மாதிரி, நிறுத்திப் பேசினால் போதும். எய்ம்ஸ், சஃப்தர்ஜங் போன்ற அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கும் திறனை அளந்து பார்க்கலாம். இந்தியில் தங்கள் சத்தத்தை விவரிக்க முடியாமல் பல பெரியவர்கள் போகத் தயங்குகிறார்கள். ‘கொய்ங்’ என்பதையும் ‘உய்ங்’ என்பதையும் டாக்டருக்கு இந்தியில் சொல்ல, பக்கத்தில் நீங்கள் ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுவே பாதி வைத்தியம். மீதிப் பாதிக்குத்தான் மேலே சொன்ன ஏழு பயிற்சிகள். முதல் வாரம் அவர்களோடு சேர்ந்து நீங்களும் செய்யுங்கள்.